விஞ்ஞானியை உருவாக்குவது எது?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் – மாணவர் கூட்டத்தில், பங்குப் பள்ளி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



பொன்விழாக் கொண்டாடும் இந்த நல்ல வேளையில், "நம் பிள்ளைகளும் விஞ்ஞானிகள் ஆக வேண்டும், அதற்கு என்ன வழி என்று சொல்லுங்கள்" என விழாக் குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் கூடிப் பேசினோம். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு இருக்கிறது, எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தோம். அவையும் வேண்டியவைதாம். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இதைக் கண்டறிந்தே தீர வேண்டும் என்ற ஆசை ஒரு பிள்ளையின் உள்ளத்தில் முதன்முதல் எப்படி முளைக்கிறது? அதை யார் விதைக்கிறார்கள்? யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? யார் அறியாமல் மிதித்துவிடுகிறார்கள்?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். ஏனெனில் அதற்கு நாங்களே சாட்சி.

உப்பளத்துச் சிறுமி

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி படித்தாள். தாயும் தந்தையும் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்கள். பூகோள வகுப்பில் ஆறுகளைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து நின்றாள். "சார், எல்லா ஆறும் நல்ல தண்ணியைத்தானே கடல்ல கொண்டுபோய் கொட்டுது? அப்புறம் கடல் மட்டும் ஏன் சார் உப்பாவே இருக்கு?" என்று கேட்டாள்.

மறுநாள் மேலதிகாரிகள் பள்ளியைப் பார்வையிட வருவதாக இருந்தது. பாடம் முடிந்தபாடில்லை. "பரீட்சைக்கு வராததை எல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்காதே, உட்கார்" என்று சொல்லிவிட்டோம். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் கை உயர்ந்ததாக எங்களுக்கு நினைவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தாயோடு உப்பளத்துக்குப் போகத் தொடங்கினாள். வறுமைதான் பெரிய காரணம். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனாலும் பள்ளியை விட்டுப் போவது அவளுக்கு அவ்வளவு எளிதாயிற்றே, அதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

பல ஆண்டு கழித்து, நம் கோயில் திருவிழாக் கொடியேற்றத்தன்று இடுப்பில் குழந்தையோடு எங்கள் எதிரே வந்தாள். நலம் விசாரித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, "சார், அந்தக் கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே?" என்றாள். அவளால் சிரிக்க முடிந்தது. எங்களால் முடியவில்லை.

அன்றிரவே புத்தகங்களைப் புரட்டினோம். எங்களுக்குக் கிடைத்த செய்தி எங்களையே தலைகுனிய வைத்தது. வால்நட்சத்திரத்துக்குத் தம் பெயரைத் தந்தாரே எட்மண்ட் ஹாலி, அந்த ஆங்கிலேய வானியல் அறிஞர் 1715-ஆம் ஆண்டில் இதே விஷயத்தைத்தான் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆற்றுநீர் நல்லநீர்தான், ஆனால் பாறையிலும் மண்ணிலும் கரைந்த உப்பை, நாக்குக்குத் தெரியாத சிற்றளவில், அது சுமந்து வருகிறது. கடலிலிருந்து தண்ணீர் மட்டும் ஆவியாகி மேலே போகிறது. உப்பு கீழேயே தங்கிவிடுகிறது. அப்படியானால் கடலில் உப்பு எவ்வளவு வேகமாகச் சேருகிறது என்று அளந்தால், உலகின் வயதையே கணக்கிடலாமே என்று ஹாலி எண்ணினார். 1899-இல் அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் ஜோலி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, எட்டு ஒன்பது கோடி ஆண்டு என்று விடை கண்டார். அந்த விடை தவறு. கடலில் சேரும் உப்பு முழுவதும் அங்கேயே தங்குவதில்லை. ஒரு பகுதி படிவுகளாகி வெளியேறிவிடுகிறது. பூமியின் வயது சுமார் 450 கோடி ஆண்டு என்று இன்று அறிகிறோம். விடை தவறினாலும் கேள்வி பெரிய கேள்விதான்.

அந்தச் சிறுமி கேட்டதும் அதே கேள்வியே. பாத்தியில் நீரைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு, உப்பை வாரும் வேலையை அவளுடைய தாயும் தந்தையும் அன்றாடம் செய்துகொண்டிருந்தார்கள். விடை அவள் வீட்டு வாசலிலேயே இருந்தது. "உன் அப்பா வேலை செய்வதைப் போய்ப் பார், பார்த்துவிட்டு நாளைக்கு வகுப்பில் வந்து சொல்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாங்கள் சொல்லவில்லை.

அந்தக் குற்ற உணர்விலிருந்து பிறந்ததே இன்றைய உரை. விஞ்ஞானிகள் சிலருடைய வாழ்க்கையை அதன்பின் தேடித் தேடிப் படித்தோம். அவர்களை அந்த வழியில் திருப்பிவிட்டது எது என்பதையே பார்த்தோம்.

கடலைப் பார்த்த கண்

முதலில் வியப்பைச் சொல்ல வேண்டும். திருச்சி திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர் சர் சி. வி. ராமன். 1907-இல் அரசாங்க நிதித் துறையில் உயர்ந்த உத்தியோகம் கிடைத்துக் கல்கத்தாவுக்குப் போனார். நம்மில் எத்தனை பெற்றோர் அத்தோடு "பிள்ளை பிழைத்துக்கொண்டான்" என்று நிம்மதி அடைந்திருப்போம்! அவருக்கு அந்த நிம்மதி போதவில்லை. பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அலுவலகத்துக்குப் போகும் முன்னும், திரும்பிய பின்னும் அங்கே பரிசோதனைகள் செய்தார். பத்தாண்டுகள் இப்படியே ஓடின. 1917-இல், அரசாங்க வேலையை உதறிவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1921-இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்து நிறுத்தியது. கடலின் நீலம் வானத்தின் நிழல்தான் என்று மாபெரும் அறிஞர் ராலே சொல்லியிருந்தார். உலகமும் ஏற்றுக்கொண்டிருந்தது. ராமன் ஏற்றுக்கொள்ளவில்லை, மறுக்கவுமில்லை. சோதித்துப் பார்த்தார். அவரிடம் ஒரு சிறு பட்டகம் இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அதைக்கொண்டு தடுத்துவிட்டுக் கடலை நோக்கினார். வானத்தின் நிழல் மறைந்தது, நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவுசெய்து, கப்பல் பம்பாய்த் துறைமுகம் வந்ததும் அதை எழுதி அனுப்பிவிட்டார். தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் கடல் நீலத்துக்குப் பெருங்காரணம் என்பது பிற்கால ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. ஆனால் கப்பலில் தொடங்கிய அந்தத் தேடல் நிற்கவில்லை. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர்களோடு தொடர்ந்து உழைத்து, 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் ராமன் விளைவைக் கண்டார். 1930-இல் நோபல் பரிசு வந்தது. அந்த நாளையே 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம்.

அந்தக் கப்பலில் நூற்றுக்கணக்கானோர் பயணம் செய்திருப்பார்கள். கடலை எல்லோருந்தான் பார்த்தார்கள். நம் ஊரிலும் கடல் இருக்கிறது. நம் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். பார்த்ததைக் கேட்க விடுகிறோமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

கைக்கெட்டிய புத்தகம்

இரண்டாவது புத்தகம். லண்டனுக்கு அருகே ஒரு கொல்லரின் மகனாக 1791-இல் பிறந்தவர் மைக்கேல் ஃபாரடே. வீட்டில் பசி. பஞ்ச காலத்தில் ஒரு ரொட்டியைக் கொடுத்து, "இதை ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்" என்று தாய் சொன்ன வீடு அது. எழுதப் படிக்கத் தெரிந்ததற்குமேல் பள்ளிப் படிப்பு இல்லை. பதினான்கு வயதில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள்.

கட்டுவதற்காக வந்த புத்தகங்களை அந்தப் பையன் படிக்கத் தொடங்கினான். முதலாளி ரீபோ தடுக்கவில்லை. அதுதான் அவர் செய்த பேருதவி. ஒரு நாள் பிரிட்டானிக்காக் கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. இன்னொரு நாள் ஜேன் மார்செட் என்னும் அம்மையார் இரசாயனத்தைப் பற்றி உரையாடல் வடிவில் எழுதிய எளிய நூல் கைக்கு வந்தது. இரசாயனம் கற்காதவர்களுக்காக, சிறப்பாகப் பெண்களுக்காக, 1806-இல் தம் பெயரைக்கூடப் போடாமல் அந்த அம்மையார் அதை வெளியிட்டிருந்தார். ஃபாரடே அதில் படித்ததைச் சின்னச் சின்னச் சோதனைகளாகச் செய்து பார்த்தார், எழுதியிருந்தபடியே நடந்தது. அந்த நம்பிக்கை அவரை விடவில்லை.

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், பெரும் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். நான்கு சொற்பொழிவுகளையும் ஃபாரடே எழுத்தெண்ணிக் குறித்துக்கொண்டு, படங்கள் வரைந்து, தம் கையாலேயே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1831-இல், காந்தத்தை அசைத்து மின்சாரத்தை உண்டாக்கலாம் என்று கண்டார். இந்த மண்டபத்தில் எரியும் விளக்குக்கு மின்சாரம் தரும் பெரிய நிலையங்கள் பெரும்பாலும் அவர் கண்ட அந்த விதியில்தான் இயங்குகின்றன. உலகப் புகழ் பெற்ற பின்னும் அவர் மார்செட் அம்மையாரை மறக்கவில்லை. தம்முடைய முதல் ஆசிரியை என்று அவரை நன்றியோடு நினைத்து, தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவருக்கு அனுப்பிவந்தார்.

கவனியுங்கள். தடுக்காத ஒரு முதலாளி, எளிய நடையில் எழுதிய ஒரு தாய், சீட்டு வாங்கிக் கொடுத்த ஒரு வாடிக்கையாளர். இந்த மூவரில் எவரும் அந்தப் பையனை விஞ்ஞானியாக்கத் திட்டம் போடவில்லை. ஆளுக்கொரு கதவைத் திறந்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

அன்னா மாணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1918-இல் பீர்மேட்டில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு, அந்த வீட்டு வழக்கப்படி, வைரத் தோடு கொடுத்தார்கள். சிறுமி வேண்டாமென்று சொல்லி, அதற்குப் பதிலாகப் பிரிட்டானிக்காக் கலைக்களஞ்சியத்தைக் கேட்டுப் பெற்றாள். பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். எதை ஆராய்ந்தார் தெரியுமா? வைரத்தையும் மாணிக்கத்தையும்! காதில் போட மறுத்த வைரத்தின் ஒளியைப் பதினைந்து, இருபது மணி நேரம் தொடர்ந்து படத்தகட்டில் பதிவு செய்வதற்காக, இரவில் ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிடுவார். அவருடைய ஆய்வேடு தயாராகியும், முதுகலைப் பட்டம் இல்லையென்ற காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அதற்காக அவர் சோர்ந்து உட்காரவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-இல் திரும்பி, இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். நூறு வகைக் கருவிகள் அளவுக்கு வரைபடங்களைச் சீர்செய்து தந்தார். மழை வருமா, புயல் அடிக்குமா என்று வானொலி சொல்லும் செய்திக்காகக் காத்திருந்துவிட்டுக் கடலுக்குப் போகும் நம் மீனவச் சகோதரர்கள், அந்தச் செய்திக்குப் பின்னால் இத்தகைய ஒரு பெண்மணியின் உழைப்பும் உண்டு என்பதை அறிந்துகொள்வது நல்லது.

"புரியவில்லை" என்று சொன்ன பையன்

மூன்றாவது ஆசிரியர். இதைச் சொல்லும்போது எங்களுக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது. இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். முடித்துவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டார். "புரியவில்லை" என்றார் கலாம். வேறு பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள்.

ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று மாலை வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். கூட்டமாகப் பறந்து வந்த பறவைகளைக் காட்டி, சிறகை எப்படி அடிக்கிறது, திசை மாற்ற வாலை எப்படித் திருப்புகிறது என்று கண்முன்னே விளக்கினார். பறத்தலைப் பற்றியே இனி வாழ்நாளெல்லாம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் தமக்குள் விழுந்தது என்று கலாம் பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

பின்னர் அவர் இராமநாதபுரத்தில் சுவார்ட்ஸ் பள்ளியிலும், திருச்சியில் தூய வளனார் கல்லூரியிலும் பயின்று, சென்னையில் விமானப் பொறியியல் கற்றார். அவர் தலைமை தாங்கிய திட்டத்தின் முதல் ராக்கெட் 1979-இல் கடலில் விழுந்தது. அடுத்தது 1980 ஜூலை 18-ஆம் நாள் ரோகிணித் துணைக்கோளை வானில் சேர்த்தது. நாட்டின் குடியரசுத் தலைவராகவும் ஆனார். 2015-இல் மாணவர்களுக்கு உரையாற்றிக்கொண்டிருந்த மேடையிலேயே சரிந்து மறைந்தார். தமக்கு ஓர் ஆசிரியர் செய்ததைக் கடைசி மூச்சுவரை பிற பிள்ளைகளுக்குச் செய்துகொண்டிருந்தார் அல்லவா?

அங்கே ஒரு பையன் "புரியவில்லை" என்றான்; ஆசிரியர் கடற்கரைக்கு அழைத்துப்போனார். இங்கே ஒரு சிறுமி "ஏன்?" என்றாள், நாங்கள் உட்கார வைத்தோம். வேறுபாடு பிள்ளைகளிடம் இல்லை.

தங்கையின் சீதனம்

நான்காவது வீடு. இதைப் பெற்றோர்கள் சிறப்பாகக் கேட்க வேண்டுகிறோம்.

1822-இல், இன்று செக் நாடாக இருக்கும் பகுதியில் ஓர் ஏழை விவசாயிக்குப் பிறந்தவர் மெண்டல். ஊர்ப் பள்ளியில் பாடத்தோடு பழமரம் வளர்ப்பதையும் கற்றுக்கொடுத்தார் அவ்வூர்ப் பங்குக் குரு. பையன் கெட்டிக்காரன். ஆனால் மேலே படிக்கப் பணமில்லை. தந்தை மரம் வெட்டும் வேலையில் அடிபட்டு உழைக்க முடியாதவரானார். பையன் பசியோடு படித்தான், நோயில் விழுந்தான். அப்போது தங்கை தெரேசியா முன்வந்து, தன் கலியாணத்துக்கென்று வைத்திருந்த சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணன் படிப்புக்குக் கொடுத்தாள்.

1843-இல் மெண்டல் புரூன் நகரத்து அகுஸ்தீன் சபை மடத்தில் சேர்ந்து குருவானார். நோயாளிகளைச் சந்திக்கப் போனால் அவர்கள் படும் வேதனையைத் தாங்க மாட்டாமல் தாமே நோயில் விழுந்துவிடுவார். "இவர் எதற்கும் உதவார்" என்று மடாதிபதி நாப் ஒதுக்கிவிடவில்லை. பள்ளியில் பாடம் நடத்த அனுப்பினார். ஆசிரியர் தேர்வில் மெண்டல் தோற்றபோதும், வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். மீண்டும் தேர்வெழுதியும் மெண்டல் தேறவில்லை. அன்பு மாணவர்களே, இரண்டு முறை! மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை அவர் பயிரிட்டு எண்ணத் தொடங்கினார். 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 செடிகள். நெட்டை எத்தனை, குட்டை எத்தனை, மஞ்சள் விதை எத்தனை, பச்சை எத்தனை என்று ஒன்றுவிடாமல் கணக்கெழுதினார். பெற்றோரின் குணம் பிள்ளைக்கும், ஒரு தலைமுறையில் மறைந்தது அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்றுக்கும் எப்படி வருகிறது என்ற விதியைக் கண்டார். 1865-இல் படித்துக் காட்டினார், 1866-இல் அச்சிட்டார். அதன் பெருமையை உணர்ந்தவர் இல்லை. 1884-இல் இறந்தார். 1900-இல்தான் உலகம் விழித்துக்கொண்டது. இன்றைய மரபணு விஞ்ஞானம் முழுவதும் அந்தத் தோட்டத்தில் வேர்விட்டதே.

தங்கைக்குப் பட்ட கடனை அவர் மறந்தாரா? இல்லை. தெரேசியாவின் மக்கள் மூவருக்கும் படிப்புக்கு உதவினார், இருவர் மருத்துவர்களானார்கள்.

போலந்து நாட்டு மேரி கியூரியின் கதையும் இதுவே. அக்காள் பாரிசில் மருத்துவம் படிப்பதற்காகத் தங்கை பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் அனுப்பினாள். அக்காள் தேறிய பின், 1891-இல் தங்கையைப் பாரிசுக்கு அழைத்துக்கொண்டாள். அந்தத் தங்கைதான் 1903-இலும் 1911-இலும் நோபல் பரிசு பெற்றவர்.

விஞ்ஞானம் படித்தால் பிள்ளையின் விசுவாசம் போய்விடுமோ என்று அஞ்சும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. மெண்டல் குருவானவர், பின்னர் மடாதிபதி. பேரண்டம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927-இல் எழுதிய பெல்ஜிய விஞ்ஞானி லெமேத்தரும் கத்தோலிக்கக் குருவே. கலிலேயோவுக்கு 1633-இல் இழைக்கப்பட்ட தவற்றையும் மறைக்க வேண்டியதில்லை. 1992-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பரே அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கேள்வி கேட்பதால் உண்மைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

கோயிலைக் கொடுத்த ஊர்

இறுதியாக ஊர். பங்கு விழாவில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவர் கிராமம். பூமியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்வதால், மேல் வளிமண்டலத்தை ராக்கெட் விட்டு ஆராய்வதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆனால் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். புனித மகதலா மரியாள் ஆலயம் இருந்தது. டாக்டர் விக்ரம் சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்களைச் சந்தித்துக் கேட்டார். ஆயர் தாமே முடிவு சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரச்சொல்லி, மக்களிடமே கேட்டார் என்றும், மக்கள் இசைவு தந்தார்கள் என்றும் கலாம் சொல்லியிருக்கிறார்.

மக்கள் வேறிடத்தில் குடியமர்ந்தார்கள். பழைய ஆலயம் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் பகுதிகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் சென்ற காலம் அது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் மாலை அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கே வானிலைக் கூடத்தை அமைத்துத் தந்தவர் யார்? வைரத் தோட்டை வேண்டாமென்ற அதே அன்னா மாணி! இளம் பொறியாளராக அங்கே உழைத்தவர்களில் ஒருவர், இராமேசுவரத்துக் கடற்கரையில் பறவையைப் பார்த்த அதே கலாம். அந்த ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.

பிறந்த மண்ணையும், முன்னோர் கட்டிய கோயிலையும் விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது, கடற்கரையில் வாழும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மீனவக் குடும்பங்களின் பெயர்கள் எந்த விஞ்ஞான நூலிலும் இல்லை. ஆனால் அவர்கள் இல்லையேல் அந்த நூலின் முதல் பக்கமே இல்லை.

நாம் செய்யக் கூடியவை

நம்மிடம் யாரும் கோயிலைக் கேட்கவில்லை. மூன்று சிறிய காரியங்களையே இந்தப் பொன்விழா நினைவாகப் பங்கு மக்களிடம் வேண்டுகிறோம்.

முதலாவது, பழைய உபதேசியார் வீடு பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்து, ஒரு விளக்கும், இரண்டு பெஞ்சும், அலமாரி நிறையப் புத்தகமும் வைப்போம். மாலையில் இரண்டு மணி நேரம் திறந்திருக்கட்டும். புத்தகம் அழுக்காகிவிடும் என்று பூட்டி வைக்க வேண்டாம். அழுக்கானால் கட்டிக்கொள்வோம், புத்தகம் கட்டுகிறவனுக்கே அதனால் என்ன நேர்ந்தது என்று கேட்டீர்கள்.

இரண்டாவது, பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு கேள்விப் பெட்டி. பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். வாரந்தோறும் எடுத்துப் படிப்போம். தெரிந்தால் விளக்குவோம், தெரியாவிட்டால், "எங்களுக்கும் தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்வோம். வீட்டிலும் அப்படியே. வேலைக் களைப்பில் "சும்மா இரு" என்று சொல்ல வாய் வரும்; எங்களுக்கும் வந்ததுதான். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றாவது சொல்லுங்கள். நாளைக்கு மறக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது, எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் பிள்ளைகள், அவர்களிலும் பெண் பிள்ளைகள். திருவிழா வாணவேடிக்கைக்குத் திரட்டும் பணத்தில் நான்கில் ஒரு பங்கை அவர்கள் படிப்புக்கு ஒதுக்க முடியுமா என்று பங்குப் பேரவை யோசிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். வானத்தில் கால் மணி நேரம் வெடி குறைந்தால் புனிதர் கோபிக்க மாட்டார். ஒரு தங்கையின் சீதனத்தில் ஒரு பகுதி என்ன செய்ததென்று சற்று முன்புதான் கேட்டோம்.

இதனாலெல்லாம் நம் பங்கிலிருந்து நோபல் பரிசு வந்துவிடும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் விஞ்ஞானி ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளைகூட, கேட்டதற்காக வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

முடிப்பதற்கு முன் ஒரு செய்தி. அன்று கொடியேற்றத்தில் தாயின் இடுப்பில் இருந்த அந்தக் குழந்தை இப்போது எங்கள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். தாய் கேட்ட கேள்விக்கு, தாயையே பள்ளிக்கு வரவழைத்து, வகுப்பின் முன்னால் விடை சொல்லிவிட்டோம். பாத்தியில் உப்பு விளைவதை அந்தத் தாயே பிள்ளைகளுக்கு விளக்கினார். எங்களைவிட நன்றாகவே விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த மகள் உடனே எழுந்து, "அப்படின்னா உப்புக் கல் ஏன் சார் கட்டங்கட்டமா இருக்கு?" என்று கேட்டாள்.

இம்முறை நாங்கள் உட்காரச் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை காலை, பூதக்கண்ணாடியோடு வகுப்பு முழுவதும் உப்பளத்துக்குப் போகிறோம். பெற்றோர்களும் வரலாம்.